மாட்டிக்கொண்ட பணம்

“இன்னைக்கு எழுதிக் குடுத்தீங்கன்னா நாளைக்குப் பணம் உங்க பேங்க்குல இருக்குமுங்க.”

காலையிலிருந்து இதையே சொல்லிச் சொல்லி மோகன்ராஜுக்குத் தொண்டை கட்டிவிட்டது.

2008, தீபாவளிக்கு முந்தைய வாரம். அமெரிக்காவில் பெரிய வங்கி ஒன்று விழுந்ததிலிருந்து டிவியில் வேறு பேச்சே இல்லை. திருப்பூர் காதர்பேட்டையில் அவன் மியூச்சுவல் ஃபண்ட் ஏஜென்ட். அவன் மூலம் ஷார்ட் டெர்ம் ஃபண்டில் பணம் போட்டவர்கள் ஒருவர் பின் ஒருவராக மாடிப்படி ஏறி வந்துகொண்டிருந்தார்கள்.

எதிரில் உட்கார்ந்திருந்தவர் நஞ்சப்பன். பனியன் மொத்த வியாபாரி. மோகன்ராஜின் வாடிக்கையாளர்களில் அவர்தான் பெரியவர்.

“இது ஷேர் இல்லீங்க. பெரிய கம்பெனிக ரெண்டு மாசம் மூணு மாசத்துக்கு வாங்குற கடன் பத்திரம். எல்லாரும் ஒரே நேரத்துல கேக்கறாங்க, அதனால மதிப்பு கொஞ்சம் எறங்கியிருக்குது. பொறுத்தா ஏறிக்குமுங்க.”

நஞ்சப்பன் முகத்தைத் துண்டால் துடைத்தார். பாதி நம்பியிருந்தார்.

அப்போதுதான் முனீஸும் நாகஜோதியும் உள்ளே வந்தார்கள்.

முனீஸ் நஞ்சப்பனின் குடோனில் மூட்டை தூக்குகிறவன். விருதுநகர்ப் பக்கத்துக்காரன். அவன் மனைவி நாகஜோதி பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்க்கிறவள். போன வருடம் ஊரில் அம்மாவின் நிலத்தை விற்றபோது கிடைத்த பங்கை, பாதுகாப்பாக இருக்கட்டும் என்று இங்கே கொண்டுவந்து போட்டிருந்தாள்.

முதலாளியைக் கண்டதும் முனீஸ் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்தான். ஆனால் வந்த காரியத்தை விடவில்லை.

“அண்ணே, டெம்போ ஒண்ணு வெலைக்கு வருது. இவ பணம் பூரா வேணும். இப்ப எடுக்க முடியுமா, முடியாதா?”

நாகஜோதி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மோகன்ராஜ் நாகஜோதியை ஒருமுறை பார்த்தான். நஞ்சப்பன் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“முடியாதுங்க” என்றான் மோகன்ராஜ். “மாட்டிக்கிச்சு. தை மாசம் வரைக்கும் எதும் பண்ண முடியாதுங்க.”

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. நஞ்சப்பன்தான்.

“பாதுகாப்புன்னு சொல்லித்தான வாங்குனீக?” முனீஸ் மேஜையில் ஓங்கி அறைந்தான். டம்ளரில் இருந்த டீ கொட்டிப் பரவியது. மோகன்ராஜ் அதைத் துடைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டான்.

அதுவரை பேசாதிருந்த நாகஜோதி திடீரென்று குரலெடுத்தாள்.

“படிச்ச மனுசன்னு நம்பித்தான குடுத்தேன்! எங்காத்தா நெலத்தை வித்த காசு. நல்லா இருப்பீகளா நீங்க?”

அவள் போட்ட சத்தத்தில் முனீஸே கொஞ்சம் அடங்கிப் போனான். “வாடி, தை மாசம் வந்து பேசிக்கிருவோம்” என்று அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கினான். தெருவில் இறங்கிய பிறகும் அவன் குரல் கேட்டது. எதிர்க் கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

நஞ்சப்பன் எழுந்து நின்றிருந்தார்.

“ஏந்தம்பி, எனக்கு ஒரு பேச்சு, அவனுக்கு ஒரு பேச்சா?”

மோகன்ராஜ் வாயைத் திறந்தான். நஞ்சப்பன் எதையும் மனதில் வைத்துக்கொள்ளத் தெரியாத மனிதர். இங்கே காதில் விழுவது சாயங்காலம் குடோனில் பேச்சாகிவிடும். அவன் வாயை மூடிக்கொண்டான்.

“என்ர பணம் பூராத்தையும் எடுத்துப்போடுங்க. இனி இந்தப் பக்கம் வரமாட்டேன்.”

கையெழுத்துப் போட்டுவிட்டுப் போனார். நாளைக்கே அவர் பணம் வந்துவிடும். அப்போதும் அவர் திரும்பி வரப்போவதில்லை. பெரிய ஆள் என்பதால் தனக்கு மட்டும் வந்தது என்று நினைத்துக்கொள்வார். பேட்டை முழுக்க அப்படியேதான் சொல்வார்.

மோகன்ராஜ் மின்விசிறியை நிறுத்திவிட்டு வெறுமனே உட்கார்ந்திருந்தான். கீழே கடைத்தெருவில் தீபாவளிக் கூட்டம். அடுத்து யார் படியேறி வந்தாலும் என்ன சொல்வது என்று அவனுக்குத் தெரியவில்லை. பத்து வருடம் அலைந்து சேர்த்த பெயர்.

நாகஜோதியின் பணம் எங்கும் மாட்டியிருக்கவில்லை. திங்கட்கிழமையே அவள் தனியாக வந்து எல்லாவற்றையும் எடுத்துவிட்டாள்.

“எங்க வீட்டுக்காரரு வந்து கேட்டா மாட்டிக்கிச்சுன்னு சொல்லிருங்கண்ணே. எடுத்தது தெரிஞ்சா எம் மகளத் தேடிப் போயி, திரும்ப மில்லுலயே விட்டுருவாரு.”

எத்தனையோ பேர் எத்தனையோ சொல்கிறார்கள். அன்றைக்கு மோகன்ராஜ் சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை.

தாராபுரம் பக்கம் ஒரு நூல் மில்லில் முனீஸ் முன்பணம் வாங்கிக்கொண்டு மகளை விட்டுவிட்டு வந்திருந்தான். மூன்று வருடம் விடுதியிலேயே தங்கி வேலை செய்ய வேண்டும். முடிவில் கல்யாணச் செலவுக்கு மொத்தமாகத் தருவார்கள். நடுவில் கூட்டிப்போக வேண்டுமென்றால் வாங்கியதையும் சாப்பாட்டுச் செலவையும் சேர்த்துக் கட்ட வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள்.

பணம் வந்த மறுநாள் நாகஜோதி லீவு போட்டுவிட்டு பஸ் ஏறினாள். கேட்டதைக் கட்டினாள். முனீஸுக்குத் தெரியாமல் மகளை மடத்துக்குளத்தில் தன் அக்கா வீட்டில் சேர்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திருப்பூர் திரும்பி உலை வைத்தாள்.

மகளுக்குப் பதினைந்து வயது. வந்ததிலிருந்து தூங்கிக்கொண்டே இருக்கிறாளாம். சாப்பாட்டுக்கு எழுப்பினால், ஷிப்டுக்கு நேரமாகிவிட்டதா என்று கேட்கிறாளாம்.