லேபிளுக்குக் காத்திருக்கும் ரத்தம்

ரத்த வங்கியின் மேஜைமேல் ஒரு பை ரத்தம் வியர்த்துக்கொண்டிருக்கிறது. லேபிள் ஒட்டினால்தான் அது ஆபரேஷன் தியேட்டருக்குப் போகும். பிரிண்டரோ பச்சை விளக்கைக் காட்டிக்கொண்டு கல்லுளிமங்கன் மாதிரி உட்கார்ந்திருக்கிறது. தியேட்டரில் கிடப்பவளின் பெயரை ஆங்கிலத்தில் எழுதினால் நடுவே ஓர் ஒற்றை மேற்கோள்குறி. லேபிள் அடிக்க டெக்னீஷியன் கம்ப்யூட்டரில் எழுதிவைத்த ஸ்கிரிப்ட் அதைப் பெயரில் சேர்க்காமல் கட்டளையில் சேர்த்துக்கொண்டு, அதை மூடும் ஜோடிக்குறி வரும்வரை நகரமாட்டேன் என்கிறது. கறுப்புத் திரையில் கர்சர் கண்சிமிட்டுகிறது. டெக்னீஷியன் அந்தக் குறிக்கு முன்னால் ஒரு சாய்கோடு போடுகிறார், இரண்டு போடுகிறார், முழுப் பெயரையும் இன்னொரு மேற்கோளுக்குள் அடைக்கிறார். விரல்கள் விசைகளில் வழுக்குகின்றன. “நடுவுல இருக்கறத எடுத்துட்டு அடிச்சா என்ன சிஸ்டர்?” என்கிறார், பையை எடுத்துப்போக வந்தவளிடம். “பேஷன்ட் கைப்பட்டையில இருக்கற மாதிரியே இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க சார். கையால எழுதினாலும் வாங்கமாட்டாங்க,” என்கிறாள் நர்ஸ். அவள் கால் ஏற்கெனவே வாசல் பக்கம் திரும்பியிருக்கிறது. பையின் அடியில் ஈரம் பரவுகிறது. ஜன்னலுக்கு வெளியே நிற்கும், தியேட்டரில் கிடப்பவளின் கணவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பெயரில்தான் ஏதோ கோளாறு என்பது மட்டும் எட்டுகிறது. கம்பிகளைப் பிடித்துக்கொள்கிறான். “பேருதான் பிரச்சினைன்னா மாத்திடுங்க சார். நீங்க எந்தப் பேரு போட்டாலும், இனிமே நான் அதையே சொல்லிக் கூப்பிட்டுக்கிறேன்.”