தொட வேண்டிய ஆள்

ஐந்தாவது வாளித் தண்ணீர் முதுகில் விழுந்தபோது முனேஹிரோவுக்குக் குளிர்வது நின்றுபோயிருந்தது.

சுற்றிலும் ஆண்கள். ஆயிரக்கணக்கில். இடுப்பில் வெள்ளைக் கோவணம், காலில் வெள்ளைத் துணிச்செருப்பு, வேறொன்றும் கிடையாது.

பிப்ரவரிக் காற்று மலைப்பக்கமிருந்து கிளம்பி, ஹனேகாவாவின் தட்டை வயல்களைத் தாண்டி, நேரே கோயில் வீதிக்குள் புகுந்தது. அப்படியும் உடம்புகளிலிருந்து ஆவி எழுந்தது. தண்ணீர் ஊற்றிக்கொண்டே இருந்தார்கள். ஊற்றாவிட்டால் அந்த நெரிசலில் தோல் உரிந்துவிடும்.

அவருடைய வலது கைக்குள் ஒரு துணிக்கீற்று இருந்தது. மகள் சிஹாயாவின் பெயரை அதில் மனைவி சயோகோ மையால் எழுதியிருந்தாள்.

சிஹாயாவுக்குப் பதினான்கு வயது. பக்கத்து நகர மருத்துவமனையில் கிடக்கிறாள். மூன்றாவது மருந்துக்கும் ரத்தத்தில் இருக்கும் நோய் அசையவில்லை என்று செவ்வாய்க்கிழமை சொல்லிவிட்டார்கள். இனி என்ன என்று கேட்டதற்கு மருத்துவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

தெய்வ ஆளைத் தொட்டுவிட வேண்டும். அவ்வளவுதான்.

தொட்டவரின் பீடை அவனிடம் போய்விடும். ஊர் மொத்தமும் அவன்மேல் இறக்கிவைத்துவிடும். ஆறு கரையை உடைத்துக்கொண்டு வந்த வருஷத்திலும், காலராவில் வீட்டுக்கு ஒருவர் போன வருஷத்திலும் இந்த ஊர் இந்தத் திருவிழாவை நிறுத்தவில்லை. தலைக்கு மேலே ஆறு ஓட, அணைக்கரையை நம்பிக் கீழே குடியிருக்கிற ஜனங்களுக்கு இது விளையாட்டுக் காரியமில்லை.

இந்த வருஷம் தெய்வ ஆளாக இறங்கப் பதினோரு பேர் பெயர் கொடுத்திருந்தார்கள். சீட்டில் விழுந்தவனுக்கு இருபத்துநான்கு வயது. எதற்காகப் பெயர் கொடுத்தாய் என்று பூசாரி கேட்டபோது அவன் பதில் சொல்லவில்லையாம்.

தலையும் புருவமும் மழித்து, மூன்று நாள் கோயில் அறையில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். உள்ளே போன கணத்திலிருந்து அவனுக்குப் பெயர் கிடையாது.

வீதியின் மறுகோடியில் கூச்சல் கிளம்பியது. கூட்டம் சுவர் இடிந்து சரிவதுபோல அந்தப் பக்கம் சாய்ந்தது.

குமசாவா தோளைக் கொடுத்து வழி உண்டாக்கினான். பக்கத்துத் தோட்டக்காரன். இரண்டு பேரும் வேலியோடு வேலியாக அலங்கார பைன் மரங்கள் வளர்ப்பவர்கள். அவனுக்கென்று இறக்க எந்தப் பீடையும் இல்லை. சிஹாயாவுக்காக மட்டும் வந்திருந்தான்.

ஒரு கை தூரத்தில் தெய்வ ஆள் தெரிந்தான்.

மழித்த தலை நீலம் பாரித்திருந்தது. மூக்கிலிருந்து ரத்தம். தோளெல்லாம் நகக்கீறல். மூத்தவர்கள் சிலர் அவனைச் சுற்றி வளையமிட்டிருந்தும், நூறு கைகள் அந்த வளையத்தைப் பிய்த்துக்கொண்டு அவன்மேல் விழுந்தன. அறைந்தவன் உண்டு, கிள்ளினவன் உண்டு. தடவிவிட்டு அழுத ஒரு கிழவரும் உண்டு.

முனேஹிரோ கையைத் தூக்கினார்.

தூக்கிய கை நின்றுவிட்டது. கூட்டம் அவரைப் பின்னால் இழுத்துப்போனது.

இரண்டாம் தடவை இடைவெளி ஒரு சாண்கூட இல்லை. அப்போதும் விரல்கள் மடங்கிக்கொண்டன.

"இவ்வளவு தூரம் வந்துட்டு ஏண்டா கைய இழுக்கிற? அங்க பொண்ணு சாகக் கெடக்குதுடா," என்றான் குமசாவா. அவன் உதடு கிழிந்திருந்தது.

காலையில் சிஹாயா ஆரஞ்சுச் சுளை ஒன்று கேட்டாள். வாயில் வைத்துக்கொண்டாள். விழுங்க முடியவில்லை. அம்மா பார்க்காதபோது கையில் துப்பி, அப்பாவிடம் கொடுத்தாள்.

மண்டபத்துப் படி நெருங்கிவிட்டது. மேலே கயிற்றைக் கட்டிக்கொண்டு ஆட்கள் குனிந்து நின்றார்கள். அவனைத் தூக்கிக் கதவைச் சாத்திவிட்டால் அடுத்த வருஷம்தான். அடுத்த வருஷம் என்பது அவர் வீட்டில் இல்லை.

யாரோ பின்னாலிருந்து இடித்தார்கள். முழங்காலில் விழுந்தார். மேலே உடம்புகள் அழுத்தின. மூச்சு நின்றது. இப்படியே போய்விட்டால் யார் பக்கமும் கை நீட்ட வேண்டியிருக்காது என்றுகூட ஒரு கணம் தோன்றியது.

அப்போது தெய்வ ஆள் அவரைப் பார்த்துவிட்டான்.

அந்தக் கைகளுக்கு நடுவிலிருந்து அவனுடைய கை வெளியே வந்தது. அவர் மணிக்கட்டைப் பிடித்தது. அவர் இழுத்துக்கொள்ளப் பார்த்தார். அவன் விடவில்லை. மடங்கியிருந்த விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, துணியோடு சேர்த்து அந்த உள்ளங்கையைத் தன் நெஞ்சில் அழுத்திக்கொண்டான்.

நெஞ்சு கல்லாகக் குளிர்ந்திருந்தது. உள்ளே இதயம் கண்டபடி அடித்துக்கொண்டிருந்தது.

பிறகு கயிறு இறங்கியது. அவனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். கதவு சாத்தப்பட்டது. வீதியே பெருமூச்சு விட்டது.

குமசாவா முனேஹிரோவைக் கட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதான். தொட்டுட்டடா, தொட்டுட்டடா என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

உடுப்புகளை வைத்திருந்த தெருச்சங்கக் கூடத்துக்கு வந்து, கோட்டுப் பையிலிருந்து கைபேசியை எடுத்தார். விரல்கள் மரத்திருந்ததால் எண்ணை அழுத்தவே மூன்று முறை ஆயிற்று.

முதல் மணியிலேயே சயோகோ எடுத்தாள்.

தொட்டுவிட்டேன் என்றார்.

கட்டிலருகே இயந்திரம் விட்டுவிட்டுக் கூவுவது மட்டும் கேட்டது. பிறகு, படுத்திருப்பவள் காதில் விழாதபடி குரலைத் தாழ்த்திக் கேட்டாள்.

"நம்ம மூத்த புள்ள எப்படிங்க இருந்தான்? ரொம்ப அடிபட்டுட்டானா?"