கடைசி வரியின் கட்டங்கள்

தொண்டை அறுவைச் சிகிச்சையில் குரல் போன பிறகு மரியதாஸ் மடிக்கணினியில் தமிழில் தட்டித்தான் மனைவி ஜெசிந்தாவிடம் பேசினார். அவர் இறந்தபின் அந்தப் பேச்சு முழுவதும் ஒரே கோப்பாக அவளிடம் இருந்தது. இடையிடையே குப்பைக் குறிகள் கிடந்தன. அவற்றைத் துடைத்து மகளுக்கு அனுப்பலாமென்று, அலுவலகத்தில் தினமும் ஓட்டுகிற ஒற்றை வரி நிரலை அதன்மேல் ஓட்டினாள். ஒவ்வொரு எழுத்தாகப் போகிற நிரல் அல்ல அது. எல்லா எழுத்தையும் ஒரே மூச்சில் மாற்றிவிடும். அதற்குக் கொடுத்திருக்கும் எழுத்து அட்டவணையில் இல்லாத எழுத்துக்குப் பதில் ஒரு வெற்றுக் கட்டம் போடும். அட்டவணையில் ஆங்கில எழுத்துகளும் இடைவெளியும் நிறுத்தக்குறிகளும் மட்டும்தான் இருந்தன. தமிழைச் சேர்க்க அவளுக்குத் தோன்றவில்லை. முடிவைப் பழைய கோப்பின் மேலேயே எழுதிவிடுவதும் அலுவலகப் பழக்கம்தான்.

"வேற பிரதி இருக்கா மேடம்?" உடன் வேலை பார்க்கும் நஸீர் போனில் கேட்டான்.

"இல்ல."

"அப்ப எல்லாக் கட்டமும் ஒண்ணுதான் மேடம். எது என்ன எழுத்தா இருந்துச்சுன்னு இனிமே யாராலயும் சொல்ல முடியாது."

வரிகளின் நீளம் மாறவில்லை. சொற்களுக்கு நடுவே அவர் விட்ட இடமும் மாறவில்லை. கடைசி வரியை அவர் தட்டியபோது அவள் மருந்துக்கடையில் நின்றிருந்தாள். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு அதைப் படிக்கத் துணிவு வரவில்லை. இப்போது அங்கே மூன்று சொற்களின் நீளத்துக்குக் கட்டங்கள், முடிவில் ஒரு கேள்விக்குறி.

ஜெசிந்தா அதன் கீழே "ஆமாங்க" என்று தட்டினாள். அழித்தாள். "இல்லங்க" என்று தட்டினாள்.