பதினோராம் பக்கம்

கையேட்டின் ஏழாம் பக்கத்தில் சிவப்பாக ஒரு கறை இருந்தது.

பீட்ரூட்டாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டாள்.

அவள் எழுதிய முதல் கையேடு அது. காய் வெட்டும் இயந்திரத்துக்கானது. காங்கேயத்தில் ஒரு மெஸ்ஸுக்குப் போய், இயந்திரத்தோடு சேர்ந்து நேற்றுத் திரும்பி வந்திருந்தது.

ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் பென்சிலால் ஒரு டிக்.

ஒன்று. இரண்டு. மூன்று.

ஆறு: சுவிட்சை அணைக்கவும். அதற்கும் டிக்.

ஏழு: கீழ்வாயில் சிக்கியிருக்கும் துண்டுகளைக் கையால் எடுக்கவும்.

ஏழுக்கு டிக் இல்லை.

"படிக்காமயே கைய உட்ருச்சு கண்ணு, அந்த மெஸ்ஸு வேலாத்தா," என்றார் சர்வீஸ் சென்னியப்பன். "நாப்பது செகண்டு நிக்கோணும்னு நீதான் பொஸ்தகத்துல எழுதியிருக்கறயே."

"எந்தக் கைங்ணா?"

"சோத்துக்கை. ரெண்டு வெரலு."

எழுதியிருந்தாள். பதினோராம் பக்கத்தில்.

முதல் வரைவில் அது ஏழாம் படிக்கு மேலேதான் இருந்தது. ஒரே வரி. அணைத்த பின்னும் கத்தி நாற்பது நொடி சுற்றும், காத்திருக்கவும்.

அவளுக்கு அது போதவில்லை. ஏன் நாற்பது நொடி என்று தெரிந்தால்தானே ஒருவர் காத்திருப்பார்?

எழுதினாள். மோட்டார் நின்றாலும் கத்தி பூட்டிய தட்டு நிற்காது. கனமான தட்டு. மிதிப்பதை நிறுத்திய பிறகும் ஓடுகிற சைக்கிள் போல, வாங்கிய வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் விடும். சத்தம் மட்டும் முதலிலேயே அடங்கிவிடும்.

அந்தக் கடைசி வாக்கியத்தை அவளே நாலைந்து முறை படித்துப் பார்த்துக்கொண்டாள்.

படிகளுக்கு நடுவே அத்தனை நீளப் பத்திக்கு இடமில்லை. 'இயந்திரம் எப்படி இயங்குகிறது?' என்று தலைப்புக் கொடுத்துப் பின்னால் கொண்டுபோனாள்.

எச்சரிக்கை வரியும் பத்தியோடு போய்விட்டது.

மீட்டிங்கில் மேனேஜர் அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்தார். சேர்ந்த மூன்றாம் மாதமே இப்படி எழுதுகிற ஆளைப் பார்த்ததில்லை என்றார். அன்று ஸ்வீட் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

இப்போது பதினோராம் பக்கத்தைத் திருப்பினாள்.

கறை இல்லை. மடிப்பு இல்லை. புத்தம் புதிதாக இருந்தது.

காய் மலைபோல் குவிந்திருக்கும் சமையலறையில், படி படியாகப் பென்சிலை ஓட்டிக்கொண்டு வந்த ஒருத்தி ஏழைத் தாண்டி எதற்காகப் புரட்ட வேண்டும்?

சத்தம் அடங்கியிருக்கும். நின்றுவிட்டது என்று நினைத்திருப்பாள்.

கையேடு எழுதியவர் நிரப்பித் தர வேண்டிய படிவத்தைச் சென்னியப்பன் நீட்டினார்.

விபத்துக்கான காரணம். இரண்டு கட்டங்கள். கையேட்டில் குறை. ஆபரேட்டரின் கவனக்குறைவு.

இரண்டாவது என்றால் வேலாத்தாளுக்குக் கம்பெனி எதுவும் தர வேண்டியதில்லை.

முதலாவது என்றால், இந்த மாதக் கடைசியில் நிரந்தரமாக வேண்டிய இவளுடைய வேலை நிரந்தரமாகாது.

"ரெண்டாவதுல ஒரு டிக்கப் போட்டுக் கையெழுத்தப் போடு கண்ணு. மூணு மணிக்குள்ள அனுப்பிப்போடலாம்."

அவள் டிக் போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

சென்னியப்பன் படிவத்தைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். மறுபடி படிவத்தைப் பார்த்தார்.

பிறகு பையைத் திறந்து இன்னொரு வெற்றுப் படிவத்தை எடுத்து மேசை மேல் வைத்தார்.

"கட்டம் மாத்திப் போட்டுட்டயாட்ட இருக்குது. நா ஒரு டீ குடிச்சுப்போட்டு வர்றேன். அவசரமில்ல."

முதல் படிவத்தையும் அங்கேயே வைத்துவிட்டு வெளியே போனார்.

கிழித்துப் போட்டால் யாருக்கும் தெரியாது. அவர் சொல்லவும் மாட்டார்.

அவள் புதுப் படிவத்தை இழுத்துக் குப்புறத் திருப்பினாள். பின்பக்கம் வெள்ளையாக இருந்தது.

ஏழு, என்று எழுதினாள். உள்ளே கத்தி இன்னும் சுற்றுகிறது. நாற்பது நொடி காத்திருக்கவும்.

எட்டு. துண்டுகளை எடுக்கவும்.

கை தானாக ஏழுக்குத் திரும்பி, வரியின் முடிவில் 'ஏனென்றால்' என்று சேர்த்தது.

அந்தச் சொல்லை அடித்தாள்.