மூன்றாவது தட்டு

“மூணாவது தட்டு இன்னைக்கும் பிந்துது,” என்று அடுக்களையிலிருந்தே சொன்னாள் ஜெனோவா.

கூடத்தில் கீபோர்டு முன்னால் இருந்த அவள் புருஷன் மெல்டனுக்கு எரிச்சல் வந்தது. “ஏளா, புளூஸ் பாட்டு வாசிக்கது நானு. பரீட்சை வைக்க நீ யாரு?”

“ட்ரிப்ளெட்டுன்னா ஒரு பீட்டுக்கு மூணு தட்டு, மூணும் ஒண்ணுபோல விழணும்னு நீங்கதான சொன்னிய?”

“சரியா விழுந்தா விட்டுருவியா?”

“விழட்டும், பாப்போம்.”

ஒரு மாதமாகக் காலையில் இந்தச் சண்டைதான். வலது கையில் மனம்போனபடி புதிது புதிதாக வாசிப்பான். ஒரு நாள் வாசித்ததை மறுநாள் வாசிக்க மாட்டான். மூன்றாவது தட்டில் மட்டும் மோதிர விரல் தடுமாறும்.

மறுநாள் அது தடுமாறவே இல்லை. மும்மூன்றாக, அத்தனை சுத்தமாக விழுந்தது. ஜெனோவாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மீனைக் கழுவிக்கொண்டே கூடவே முணுமுணுத்தாள். இனி மேலே ஏறும், அப்புறம் சரசரவென்று இறங்கும்...

கை அப்படியே நின்றது. அவன் புதிதாக வாசிப்பது அடுத்து எங்கே போகும் என்று அவளுக்கு எப்படித் தெரியும்?

கூடத்துக்கு ஓடினாள். நாற்காலி காலி. போன கிறிஸ்துமஸுக்கு அவன் வாசித்துப் பதிந்து வைத்தது கீபோர்டில் தானாக ஓடிக்கொண்டிருந்தது.

போன மாதம் அவன் ஆழ்கடலிலிருந்து சட்டென்று மேலே வந்ததில் மரத்துப்போனது அந்த மோதிர விரல். சரியாகும்வரை சங்கு எடுக்க முங்கினால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் கையைப் பிடித்துச் சொல்லியிருந்தார். விரல் சரியாகிவிட்டதா என்று பார்க்கத்தான் அவள் தினமும் தட்டுகளை எண்ணினாள்.

ஆணியில் மாட்டியிருந்த முங்கு கண்ணாடியைக் காணவில்லை.

மூன்றாவது தட்டு சரியாக விழுந்துகொண்டே இருந்தது.