வாசலில் குவியாதீங்க

சார்ஜ் ஏறத் தொடங்கியதும், பேட்டரியின் அந்தப் பக்கம் போயிருந்த சோடியம் துகள்கள் முண்டியடித்துக்கொண்டு தங்கள் தகட்டு வீட்டுக்குத் திரும்பின. முதல் துகள் வாசலிலேயே உட்கார்ந்தது. அடுத்தது அதன் தலைமேல் ஏறியது, அதன்மேல் இன்னொன்று.

"குவியாதீங்க!" என்று கத்தியது தகட்டை மூடியிருந்த மேல்பூச்சு. "ஊசி மாதிரி வளர்ந்து நடுத்தடுப்பைக் கிழிச்சிட்டா மொத்தமா எரிஞ்சிடுவோம். உள்ளே இடம் காலியா கிடக்கு, பரவி உட்காருங்க." ஒவ்வொன்றையும் பிடித்து நகர்த்தியது.

"எங்க நேரத்தைத் தின்னத்தான் உன்னைப் பூசினாங்களா?" என்று சிடுசிடுத்தது கடைசித் துகள்.

அப்போது பக்கத்து பேட்டரி படாரென்று வெடித்துத் தீப்பிடித்தது. அதில் மேல்பூச்சே கிடையாது.

கடைசித் துகள் பெருமூச்சு விட்டது.

"கொடுத்துவச்சவங்க. தடுக்க ஆளில்லை. இந்நேரம் வீட்டுல உட்கார்ந்திருப்பாங்க."