எழுபது சதவீதம்

"இன்னைக்கு ஒரு முடிவு தெரியாம நான் எந்திரிக்கமாட்டேன் மிஸ். மத்தியானச் சோறும் கட்டிக்கிட்டுத்தான் வந்திருக்கேன்!"

சோற்றுப் பார்சலை மேசைமேல் வைத்துவிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் ஜுனைதீன். முன்னாள் இராணுவக்காரர். இப்போது பசறை டவுனில் பிளாஸ்டிக் சாமான் கடை வைத்திருக்கிறார். இடது கையில் சுண்டுவிரலும் பக்கத்து விரலும் இல்லை. ஆனால் மேசையைத் தட்டிப் பேசுவதற்கு மிச்ச விரல்களே அவருக்குத் தாராளம்.

காயப்பட்ட படைவீரர்களின் கொடுப்பனவுகளைக் கவனிக்கிற அந்தப் பதுளை அலுவலகத்துக்கு மதுஷா அதிகாரியாக வந்து நாலு நாள்தான் ஆகிறது.

"என்ன விசயம் நானா?" என்று, முஸ்லிம் அண்ணன்மாரை அழைக்கிற முறையில் கேட்டாள்.

"மேன்முறையீடு. பதினோரு வருசமாச்சு."

"பதினோரு வருசமா?"

"ஆமாங்க. நான் மொத மனு குடுத்தப்ப நீங்க பள்ளிக்கூடத்துக்குப் போயிக்கிட்டு இருந்திருப்பீங்க."

பக்கத்து மேசையிலிருந்த பழைய கிளார்க் அஜந்தன் தலையில் கை வைத்துக்கொண்டான். "வந்துட்டாரா? மிஸ், இவருகிட்ட வாய் குடுக்காதீங்க. இன்னைக்குப் பொழுது போயிரும்."

"நீ பைலை எடு தம்பி. வாயை நான் பாத்துக்கிறேன்."

பைல் வந்தது. தலகாணி மொத்தத்துக்கு இருந்தது. தூசியைத் தட்டியதில் மதுஷாவுக்குத் தும்மலே வந்துவிட்டது.

"பாத்தீங்களா? இதான் என் கதை" என்றார் ஜுனைதீன். "மொதல்ல பைலைக் காணோம்னாங்க. கெடச்சதும், டாக்டர்மாரு சபை இன்னும் கூடலைன்னாங்க. சபை கூடினப்போ கையெழுத்து வைக்கிற பெரியவரு பென்ஷன்ல போயிட்டாரு. புதுசா வந்தவரு திரும்ப மொதல்லேருந்து எழுதிக் குடுன்னாரு. நடுவுல ரெண்டு பதிலும் வந்துச்சு. நான் கேட்டது ஒண்ணு, அவங்க எழுதினது ஒண்ணு!"

மதுஷாவுக்கு மனது கேட்கவில்லை. லுணுகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை அவள். அப்பாவின் சம்பளத்தில் பிடித்துவைத்த சேமலாப நிதிக்காக அம்மா ஆபீஸ் ஆபீஸாக அலைந்ததைப் பார்த்து வளர்ந்தவள்.

"கவலைப்படாதீங்க நானா. உங்க பக்கம் நியாயம் இருந்தா நானே கொழும்புக்குப் பேசுறேன்."

"நியாயமா? அது மூட்டை மூட்டையா இருக்கு மிஸ். நீங்க பிரிச்சுப் பாருங்க!"

பிரித்துப் பார்த்தாள். முதல் பக்கத்திலேயே கண் நின்றது. திரும்ப வாசித்தாள். நிமிர்ந்து அவருடைய கையைப் பார்த்தாள்.

"நானா, இந்த ரெண்டு விரலைத் தவிர வேற எங்கயாவது காயம்?"

"அல்லாஹ்ட காவல், வேற ஒரு கீறலும் இல்ல. போன கெழமைகூட லொறியில வந்த சாமானை நானேதான் எறக்கினேன்."

"சீனி, பிரஷர்?"

"கிட்டவே வராது!"

மதுஷாவின் குரல் மாறிவிட்டது. "இதுல உங்களுக்கு எழுபது சதவீதம் அங்கவீனம்னு போட்டிருக்கே?"

"அதேதான்!" என்று உற்சாகமாகத் தலையாட்டினார் ஜுனைதீன்.

"அதுக்கான காசும் மாசாமாசம் வருது?"

"ஒரு மாசம் தவறினதில்ல. அதுல மட்டும் சுணக்கமே கெடையாது."

மதுஷாவுக்குச் சுர்ரென்று ஏறியது. இந்த ஆளுக்காகவா பரிதாபப்பட்டோம்!

"ரெண்டு விரலுக்கு எழுபது சதவீதம்! அதுவும் பத்தாம பதினோரு வருசமா மேல கேட்டு மனு எழுதிக்கிட்டிருக்கீங்களா? உண்மையிலேயே முடியாம கெடக்கிறவங்க எத்தனை பேரு இருக்காங்க தெரியுமா?"

"நல்லாத் தெரியும் மிஸ்."

"தெரிஞ்சுமா? வெட்கமா இல்ல உங்களுக்கு?"

அஜந்தன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். மதுஷா பைலை மூடி அவர் பக்கம் தள்ளினாள்.

"ஒரு சதவீதம்கூட கூட்டித் தரமுடியாது. நீங்க போகலாம்."

ஜுனைதீன் போகவில்லை. முகமெல்லாம் சிரிப்பாக மேசையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினார்.

"அல்ஹம்துலில்லாஹ்! இத்தனை வருசத்துல பைலையும் பாத்து என் கையையும் பாத்த மொத ஆள் நீங்கதான் மிஸ்! கூட்டித் தாங்கன்னு யாரு கேட்டா? கொறைச்சு எழுதுங்கன்னுதான் நான் கேக்கிறேன். கொறைக்கிறதுக்குப் படிவமே இல்லைன்னு சொல்லி, கூட்டுற படிவத்துல என்னைக் கையெழுத்து வைக்கச் சொன்னவங்க இந்த ஆபீஸ்காரங்கதான்!"

அஜந்தனின் சிரிப்பு நின்றுபோனது. மதுஷா தள்ளிய பைலைத் திரும்பத் தன் பக்கம் இழுத்தாள்.

"ஒரே குண்டுலதான் எனக்கும் என்கூடப் படையில இருந்த ஸாஹிருக்கும் காயம். ஆஸ்பத்திரியில பக்கத்துப் பக்கத்துக் கட்டில். அங்க எங்க கடதாசி ரெண்டும் மாறிப்போச்சு. அவன் காயம் என் பேர்லயும், என் ரெண்டு விரல் அவன் பேர்லயும் ஏறிருச்சு. அவன் குடுத்த மனுவுக்கு, ரெண்டு விரலுக்கு இவ்வளவுதான்னு பதில் எழுதிட்டாங்க. என் பேர்ல வர்ற காசை மாசாமாசம் அவன் வீட்டுலதான் குடுக்கிறேன். நாளைக்கே நான் மௌத்தாயிட்டா, அவனுக்கு அதுவும் இல்ல மிஸ்."

எழுந்து ஜன்னலோரம் போய், கீழே படிக்கட்டுக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தவரைக் காட்டினார்.

"மாடியேறி வர அவனுக்கு ரெண்டு காலும் இல்ல மிஸ். நீங்கதான் கொஞ்சம் எறங்கி வரணும்."